ஆவி பொய் சொல்லாது

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கெடு வைத்துவிட்டாள்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குப் பதில் வேணும் மேடம். கோளாறு என் வீட்டு நெட்லயா, அவர் வீட்டு நெட்லயா? அது ஒண்ணுதான் கேள்வி.”

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில், துணி வெளுத்து இஸ்திரி போடும் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது மாலினியின் துப்பறியும் அலுவலகம். மாலினிக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடம் கவுன்சிலின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, புகார் சொல்ல வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதை மட்டும் குறித்துக்கொள்ளப் பழகியவள். உதவியாளன் றூபனுக்கு நாற்பத்தெட்டு. பதினொரு வருடம் பாரிஸில் வீடு வீடாக டிஷ் பூட்டிவிட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்த ஆள். அவன் கைக்குத்தான் சம்பளம், வாய் இலவசம் என்று மாலினி சொல்வாள்.

அந்த இலவசம் இப்போது திறந்தது. “தங்கச்சி, நாங்கள் காணாமல் போன ஆக்களைத் தேடிப் பிடிக்கிறனாங்கள். காணாமல் போன வைஃபையைத் தேடுறது இதுதான் முதல் தரம். போட்டோ ஏதும் கிடக்கோ?”

பெண் சிரிக்கவில்லை. பெயர் பிரீத்தா, சொந்த ஊர் சேலம், வயது முப்பத்தொன்று. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் சோதித்துக் கொடுக்கும் வேலை. கோலியர்ஸ் வுட்டில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்குப் பாரிஸிலிருந்து கிருசாந்தன் வீடியோவில் கூப்பிடுவான். அவள் கட்டிக்கொள்ளப்போகிறவன். பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிடும். சத்தமும் நின்றுவிடும். மூன்று கம்பெனி மாற்றிவிட்டாள், இரண்டு பூஸ்டர் வாங்கிவிட்டாள், நான்கு எஞ்சினியர்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“கோளாறு என் பக்கம்னா வேற வீடு பார்த்துப் போயிடுவேன். அவர் பக்கம்னா, பாரிஸ் நெட்டை நான் இங்கேர்ந்து சரி பண்ண முடியாது. நானே போயிட வேண்டியதுதான். ஆனா எங்க கம்பெனியில இந்த நாட்டை விட்டு வெளிய இருந்து வேலை செய்ய விடமாட்டாங்க. விசாவும் அவங்க கொடுத்தது. ராஜினாமா மெயிலை எழுதி டிராஃப்ட்ல வச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு அனுப்பணும்.”

“வேலையும் போகும், விசாவும் போகும். யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?” என்றாள் மாலினி.

“ஓம் மேடம்.”

றூபனின் புருவம் உயர்ந்தது. “சேலத்தில எப்ப இருந்து ஓம் எண்டு சொல்லத் தொடங்கினவை?”

அப்போதுதான் அந்த முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது. “அவர்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு அண்ணா.”

மனோர் பார்க் முருகன் கோயிலில் அறிமுகம். போன வருடத் திருவிழாவுக்குப் பாரிஸிலிருந்து வந்திருந்தவனின் செருப்பும் அவளுடைய செருப்பும் ஒரே நேரத்தில் காணாமல் போக, இருவரும் வெறுங்காலோடு ஒரே பஸ்ஸுக்கு நின்றார்களாம். இதைச் சொல்லும்போது அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு நல்ல செய்தி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று றூபன் அந்த நிமிடமே ஆசைப்பட்டான்.

---

காரில் பிரீத்தா பின் இருக்கையில். றூபன் வழக்கம்போல அவசரம் காட்டினான்.

“ஆறுதலாப் போ றூபன். இருபது மைல் வேகம்தான் விட்டிருக்கு, கமெராவும் கிடக்கு,” என்றாள் மாலினி.

“எனக்கு ஆர் செய்த வேலை எண்டு இப்பவே தெரியும் அக்கா. கீழ் வீட்டில இருக்கிற ஓனர். கரண்ட் பில் கூடுது எண்டு சுவிச்சை அமத்திப்போட்டுப் போய்ச் சாய்மனைக் கதிரையில படுத்திருப்பார். எழுதி வையுங்கோ.”

எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் தேவராசாவே கதவைத் திறந்தார். பெட்ரோல் ஸ்டேஷனில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர், இடுப்பில் சறம், அதற்கு மேலே தடித்த ஸ்வெட்டர். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் டெலிபோன் லைன் வருகிற இடம். அதன் கீழே ஸ்டூலில் ரவுட்டர். அதன் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“வாங்கோ பிள்ளையள், இருங்கோ. ஆறுதலா ஒரு ரீ குடிச்சிட்டுப் பாக்கலாம்.”

“ரீ பேந்து குடிப்பம் அண்ணை,” என்றாள் மாலினி. “ஒரு மணிக்கு நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“சாப்பிடுவன். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேணும்.”

“சூடாக்கித்தானே?” றூபன் துள்ளினான். அவனுக்கு மைக்ரோவேவ் கண்ணில் பட்டுவிட்டது. “மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை குழம்பும் அக்கா. பிடிச்சிட்டன்.”

தேவராசா அவர்களைக் குசினிக்குள் கூட்டிப்போனார். மைக்ரோவேவின் மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. அதன் மேல் மருந்துப் பெட்டி, கண்ணாடிக் கூடு, போன மாதத்துத் தபால்கள். அதை யாரும் திறந்து பல நாளாயிற்று என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை.

“மூண்டு மாசத்துக்கு முன்னம் வந்த எஞ்சினியரும் மைக்ரோவேவைத்தான் சொன்னவன். அண்டையில இருந்து உதைத் தொடுறேல்லை. பிள்ளை கதைக்கிற நேரத்தில நான் குழப்பக்கூடாதெல்லோ. குளிர்ச் சோறுதான் சாப்பிடுறன்.”

“அடுப்பில சூடாக்கலாமே அண்ணை?”

“சட்டியை ஆர் கழுவுறது?”

றூபன் மைக்ரோவேவை விட்டு விலகி நின்றான். மூன்று மாதம் குளிர்சோறு தின்ற மனிதர் மேல் குற்றம் சாட்டிவிட்டோமே என்று அவனுக்கு உண்மையாகவே கூச்சமாக இருந்தது. தேவராசா குரலைத் தாழ்த்தி மாலினியிடம் கேட்டார். “பிள்ளை ஒரு மணிக்குப் பிறகு வெறுங்காலோட படியில ஓடி வரும். ரவுட்டரைப் பாத்து நிக்கும். முகத்தைப் பாக்க ஏலாது. உது சரிவருமோ?”

“பாப்பம் அண்ணை.”

---

றூபன் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இன்டர்நெட் கம்பெனியின் ஆப்பைப் பிரீத்தாவின் போனில் திறந்தான். மூன்று மாதக் கணக்கு அதில் இருந்தது. அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு மேலிருந்து கீழே விரலை வைத்து மறுபடி பார்த்தான்.

“அக்கா, மூண்டு மாசத்தில இந்த லைன் தானா ஒருக்காலும் நிக்கேல்லை. பதினொரு தரம் நிண்டிருக்கு. பதினொண்டும் ஆரோ பிளக்கைக் கழட்டினது.”

“ஆர்?”

பிரீத்தா படியில் நின்றுகொண்டிருந்தாள். “நான்தான்,” என்றாள். “முகம் உறைஞ்சதும் கீழ ஓடி வருவேன். லைட் எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். ஆனாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். கஸ்டமர் கேர்ல அப்படித்தான் செய்யச் சொன்னாங்க.”

“அப்ப இந்த வீட்டில நெற்றைக் குழப்பினது நீங்கள் ஒரு ஆள்தான் தங்கச்சி,” என்றான் றூபன். “கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி கட்சிக்காரர்.”

அவள் முகம் மலர்ந்தது. அதை றூபன் எதிர்பார்க்கவில்லை. “அப்போ என் நெட்ல ஒண்ணும் இல்ல. கோளாறு அவர் பக்கம்தான். நான் கிளம்பிடலாம், இல்லையா மேடம்?” மறுபடி படியேறத் தொடங்கிவிட்டாள். மேலே மடிக்கணினி, அதற்குள் டிராஃப்ட், அதற்குள் அவளுடைய வேலை, விசா எல்லாம் ஒரு பொத்தானுக்காகக் காத்திருந்தன.

“நில்லுங்கோ,” என்றாள் மாலினி. “அஞ்சு மணி எண்டுதானே சொன்னனீங்கள். இன்னும் அஞ்சரை மணித்தியாலம் கிடக்கு. அவர் உறையிற நேரம் நீங்கள் ரெக்கோட் பண்ணி வைச்சிருக்கிறீங்களோ?”

வைத்திருந்தாள். ஆதாரம் அனுப்புங்கள் என்று கம்பெனி கேட்டதால், கால் வந்ததும் திரையைப் பதிவு செய்யத் தொடங்கிவிடுவாளாம். பதினொரு பதிவுகள். அனுப்பினாளே தவிர ஒன்றைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. அவன் முகம் அப்படிப் பாதியில் நிற்பதை இன்னொரு தரம் பார்க்க மனசு வரவில்லை என்றாள்.

மாடி அறையில் ஒரு கட்டில், ஜன்னலோரம் மேசை. ஜன்னலுக்கு வெளியே கோலியர்ஸ் வுட்டின் பெரிய டவர், பாதி மேகத்துக்குள். கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, பாதி அடுக்கியது.

“அவர் ரொம்ப நல்லவர் மேடம். ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்ல. கால் கட்டானதும் மெசேஜ் போட்டுடுவார். இதப் பாருங்க.” போனை நீட்டினாள். “‘கலியாணத்தைப் பற்றி ஆறுதலாக் கதைப்பம்’னு எழுதியிருக்கார். வெறுமனே பேசலாம்னு சொல்லல, ஆறுதலா பேசலாம்னு சொல்றார். எங்க வீட்ல என்கிட்ட யாரும் ஆறுதலா பேசினதே இல்ல. எட்டு மாசமா எனக்குத் தெம்பே இந்த வார்த்தைதான்.”

றூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாலினியின் செருப்பு அவன் கால்விரல் மேல் ஏறி நின்றது. அவன் வாயில் வந்ததை அப்படியே விழுங்கினான்.

“தங்கச்சி,” என்றாள் மாலினி, “எனக்கு இப்பதான் பிளேன்ரீ குடிக்கிற நேரம். மூண்டு கோப்பை போட்டுக்கொண்டு வாறீங்களோ? நல்லாச் சூடா.”

---

அவள் கீழே இறங்கியதும் மாலினி முதல் பதிவை, உறையும் இடத்துக்குத் தள்ளித் தள்ளி, ஓடவிட்டாள். பாரிஸ் சமையலறை ஒன்றில் மேசைக்கு முன்னால் கிருசாந்தன். நல்ல முகம்தான். பார்த்தால் கோபம் வராத முகம். மூன்று மணி ஷிப்டுக்குப் போகும் முன் ரீ குடிக்கிற நேரம் போலிருக்கிறது. நான்காவது நிமிடம் உறைந்தான். இரண்டாவது பதிவில் பத்தொன்பதாவது நிமிடம். மூன்றாவதில் ஏழு. றூபன் நேரங்களைக் கூட்டிப் பார்த்தான், கழித்துப் பார்த்தான், ஒன்றும் படியவில்லை.

“எத்தினையாம் நிமிசத்தில நிக்குது எண்டு நாலு எஞ்சினியரும் பாத்தவை,” என்றாள் மாலினி. “என்ன கேட்ட பிறகு நிக்குது எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. நீ நிமிசத்தை விடு. வசனத்தைக் கேள்.”

கேட்டார்கள். முதல் பதிவு: “எப்போ அம்மாகிட்ட சொல்லட்டும்?” உறைந்தான். இரண்டாவது: “மண்டபத்துக்கு எந்தத் தேதி சொல்றது?” உறைந்தான். மூன்றாவது: “நான் எப்போ அங்க வரட்டும்?” உறைந்தான். நடுவில் மழை, ஷிப்ட், மூட்டுவலி, புதிய மேலாளர் என்று எவ்வளவு நேரம் பேசினாலும் லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. ‘எப்போ’ என்ற சொல் வந்ததும் அறுந்தது.

“பாரிஸில அப்படி ஒரு நெற்வேர்க் இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே அக்கா,” என்றான் றூபன். “பதினொரு வருசம் அங்க டிஷ் பூட்டினனான். ‘எப்போ’ எண்டால் மட்டும் அறுந்து விழுற வயரை நான் காணேல்லை.”

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஆறாவதில் அவன் உறைந்து நிற்க, றூபன் அலுப்போடு திரையைப் பார்த்துச் சொன்னான்: “பாவம், நெற் செத்தாலும் ரீக்கு இன்னும் உயிர் கிடக்கு. ஆவி பறக்குது.”

மாலினி திரும்பினாள். “திருப்பிச் சொல்லு.”

“ரீயில ஆவி...” என்று தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

திரையில் கிருசாந்தனின் கண் அசையவில்லை, உதடு அசையவில்லை, தோள் அசையவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த கோப்பையிலிருந்து ஆவி, ஜன்னல் வெளிச்சத்தில், மெல்ல நெளிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. லைன் அறுந்திருந்தால் முகத்தோடு சேர்ந்து ஆவியும் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. முகம் மட்டும் நின்றது. சத்தத்தை அவனே அமத்திவிட்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இத்தனை நாளில் அவள் எப்படிக் காணவில்லை என்று றூபனுக்குத் தோன்றியது. பதிலும் உடனே தோன்றியது. ஆசை வைத்தவள் முகத்தைத்தான் பார்ப்பாள். கோப்பையை யார் பார்ப்பார்?

“அக்கா, உது எங்கட சிப்ஸ் பக்கற் வேலை,” என்றான் மெதுவாக. “ரெலிபோன் காட் காலத்தில, பாரிஸ் பூத்துக்குள்ள நிண்டு அம்மாவோட கதைக்கிறனான். ‘எப்ப தம்பி வருவாய்’ எண்டு கேட்டால் சிப்ஸ் பக்கற்றை ரிசீவருக்குக் கிட்ட வைச்சுக் கசக்குவன். லைன் கிளியர் இல்லையம்மா, பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சிடுவன். நாங்கள் ஆறேழு பேர் இதே வேலைதான். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனாங்கள்.”

“இப்ப சிரிப்பு வருதோ?”

றூபன் ஏழாவதையும் எட்டாவதையும் தட்டி ஓடவிட்டான்.

மாலினி ஒன்பதாவது பதிவை ஓடவிட்டாள். இதில் மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஏழாவதிலும் எட்டாவதிலும்கூட இரண்டு இருந்ததை அவள் குறித்து வைத்திருந்தாள். கிருசாந்தன் உறைந்தான். பிரீத்தாவின் குரல் “ஹலோ, ஹலோ” என்றது, பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், படியில் காலடிகள். அவள் ரவுட்டரை நோக்கி ஓடுகிறாள். அந்த இடைவெளியில், திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. ஒற்றைக் காப்புப் போட்ட பெண்ணின் கை. இரண்டாவது கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. கிருசாந்தன் அப்போதும் அசையவில்லை. பிறகு பிரீத்தா கீழே பிளக்கைக் கழற்ற, படம் நிஜமாகவே அறுந்தது.

படியில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

“அக்கா, ஓனர் மைக்ரோவேவ் போட்டவர் எண்டு சொல்லிப்போட்டுப் போவம்,” என்றான் றூபன். பகிடியாகத்தான் சொல்ல நினைத்தான். குரல் பகிடியாக வரவில்லை.

“அஞ்சு மணிக்கு அந்த மெயில் போகும் றூபன். சொல்லத்தான் வேணும்.”

---

மாலினி ஒரு கோப்பையை வாங்கினாள், குடிக்கவில்லை. மடிக்கணினிக்கு முன்னால், காமிராவில் தெரியும்படி வைத்தாள். காமிராவைத் திறந்து, பிரீத்தாவை அதன் எதிரே உட்காரச் சொன்னாள்.

“அசையாதீங்கோ. கண் சிமிட்டவும் வேண்டாம். உங்களைப் பாக்காமல், உந்தக் கோப்பையைப் பாருங்கோ.”

பிரீத்தா ஏதோ சோதனை என்று நினைத்து ஒழுங்காக உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் உறைந்து நின்றது. அதன் முன்னால் ஆவி அசைந்து அசைந்து மேலே போனது. பத்து வினாடி. பதினைந்து வினாடி. கெட்டிக்காரப் பெண். பிழை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். இருபதாவது வினாடியில் அவள் கண் கோப்பையை விட்டு விலகி, திரையின் ஓரத்தில் திறந்துகிடந்த பதிவுகளின் பட்டியலுக்குப் போயிற்று.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆறாவதைத் தானே திறந்தாள். பார்த்தாள். ஏழாவது. எட்டாவது. “அடுத்தது வேண்டாம் தங்கச்சி,” என்றாள் மாலினி. அவள் ஒன்பதாவதையும் திறந்தாள். கை வந்து கோப்பையை எடுத்துப் போகும் வரை பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“என் லைன் நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றாள். அவள் அழவில்லை. அதுதான் றூபனுக்குத் தாங்கவில்லை. நெஞ்சு உடைந்தால் சத்தம் வரும் என்று அவன் இத்தனை வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்துவைத்துக் கேட்டாள். “அப்போ ஆறுதலா பேசலாம்னு எழுதினது, மேடம்? மனசுல ஒண்ணும் இல்லாமலா ஒருத்தர் அப்படி எழுதுவார்?”

மாலினி அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். “உங்கட ஊரில ஆறுதல் எண்டால் வேற. எங்கட ஊரில ஆறுதலா எண்டால் மெதுவா, பிறகு, அவசரமில்லை எண்டுதான் அர்த்தம். காரில நான் இவனை ஆறுதலாப் போகச் சொன்னன். தேவராசா அண்ணை ஆறுதலா ரீ குடிக்கச் சொன்னவர். அவ்வளவுதான் அந்தச் சொல்லு.”

“கல்யாணத்தைப் பத்திப் பிறகு பேசலாம்,” என்று பிரீத்தா தனக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தாள். “எட்டு மாசமா இதையா நான் தலையணைக்குக் கீழ வச்சுக்கிட்டுத் தூங்கினேன்.”

இந்த இடத்தில் ஒரு பகிடி சொல்லித்தான் றூபனுக்குப் பழக்கம். தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

மணி ஒன்றாவதற்கு மூன்று நிமிடம் இருந்தது.

“நாங்கள் கீழ போறம்,” என்று மாலினி எழுந்தாள்.

“வேண்டாம். காமிராவுல தெரியாம அந்தப் பக்கம் இருங்க. இன்னைக்கு நான் கீழ ஓடப்போறதில்ல. எனக்குத் துணைக்கு யாராவது வேணும்.”

---

சரியாக ஒரு மணிக்கு அழைப்பு வந்தது.

கிருசாந்தன் சிரித்தான். மழையைப் பற்றிச் சொன்னான். புதிய மேலாளரைப் பற்றிச் சொன்னான். பிரீத்தா “ஓம்” என்றாள், “அப்படியா” என்றாள், ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். அவன் எதிரே மேசையில் இரண்டு கோப்பைகள். கட்டிலின் மூலையிலிருந்து பார்த்த றூபனுக்கு, இரண்டிலிருந்தும் ஆவி எழுவது தெரிந்தது.

ஆறாவது நிமிடம் அவள் கேட்டாள். “கிருசா, நான் எப்போ அங்க வரட்டும்?”

அவன் உறைந்தான். வாய் பாதி திறந்தபடி, கண் ஒரு பக்கம் பார்த்தபடி. பழகிப் பழகி நன்றாகவே செய்தான். சத்தம் நின்றது.

பிரீத்தா “ஹலோ” சொல்லவில்லை. நாற்காலியை இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வினாடி. முப்பது. வழக்கமாக அவள் படியிறங்கி ஓடி, பிளக்கைக் கழற்றி அவனைக் காப்பாற்றும் நேரம் கடந்து போனது. நாற்பது. அவன் கண்ணோரம் நீர் திரண்டது. சிமிட்டாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் வந்த நீரா, அவளுக்காக வந்ததா என்று றூபனால் சொல்ல முடியவில்லை. அது உருண்டு கன்னத்தில் இறங்கியது. உறைந்த முகத்தில் அது ஒன்றுதான் அசைந்தது.

“டீ ஆறிடப்போகுது கிருசா,” என்றாள் பிரீத்தா. குரலில் கோபம் துளியும் இல்லை. “ரெண்டு பேரும் குடிங்க.”

அவன் முகம் கலைந்தது. வாய் அசைந்தது, நிறைய அசைந்தது. என்ன சொன்னானோ, சத்தத்தைத் தானே அமத்திவைத்ததை மறந்து போயிருந்தான். இங்கே ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அதன் பிறகு மெயிலைத் திறந்து, ராஜினாமாக் கடிதத்தை அழித்தாள். நிஜமாக அழிக்கவா என்று அது திருப்பிக் கேட்டது. அதற்கும் சம்மதம் கொடுத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. மாலினி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். றூபன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றான். சிப்ஸ் பாக்கெட் கசங்கும் சத்தத்துக்கும் லைன் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவன் அம்மா? தெரிந்துதான், ஒவ்வொரு தரமும், “சரி தம்பி, லைன் சரியில்லைப் போல, வை” என்று அவளே சொல்லியிருப்பாளோ? இனிமேல் கேட்கவும் முடியாது. அவள் போய்ப் பன்னிரண்டு வருடம்.

அரை மணி கழித்து மூவரும் கீழே இறங்கினார்கள். தேவராசா குசினி மேசையில் குளிர்ந்த சோற்றுத் தட்டுக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் படியில் ஓடுகிற சத்தம் வராததில் அவருக்கு ஒரே யோசனை. பாதிகூடச் சாப்பிடவில்லை.

பிரீத்தா நேரே போய் மைக்ரோவேவின் மேலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்து வைத்தாள். கண்ணாடிக் கூட்டை எடுத்தாள், தபால்களை எடுத்தாள், துணியை மடித்தாள். அவருடைய தட்டை வாங்கி உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். மைக்ரோவேவ் இரைந்தது. வாசலோரம் ரவுட்டரின் பச்சை விளக்கு எப்போதும்போல அசையாமல் எரிந்தது.

“என்ன பிள்ளை, லைன் சரிவந்திட்டுதோ?” தேவராசாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தக் கேள்விக்கு அவள் ‘ஓம்’ என்றுதான் சொல்வாள் என்று றூபன் காத்திருந்தான்.

“ஆமா அங்கிள்,” என்றாள் பிரீத்தா. “சரியாயிடுச்சு. நீங்க சூடா சாப்பிடுங்க.”